அம்மா பெற்றவள் இல்லையா? கிரேக்க இலக்கியத்தில் பாலினம் படிப்பவர் செய்யும் வேலை

ஒரு கொலை வழக்கு. மகன் தாயைக் கொன்றிருக்கிறான். காரணம், தாய் அவன் தந்தையைக் கொன்றவள். ஏதென்ஸில் நீதிமன்றம் கூடியிருக்கிறது. மகனுக்காக வாதாட எழுந்து நிற்பவர் அப்பல்லோ. சாதாரண வக்கீல் இல்லை, கடவுள். அவருடைய வாதம் இப்படிப் போகிறது: தாய் என்கிறோமே, அவள் பிள்ளையைப் பெற்றவள் அல்ல. விதைத்த விதையை வயிற்றில் வைத்து வளர்த்துக் கொடுக்கும் செவிலி, அவ்வளவுதான். விதைத்தவனே பெற்றவன். ஆகவே தாயைக் கொன்றது பெற்றவரைக் கொன்ற பாவம் ஆகாது. சாட்சி வேண்டுமா? இதோ பக்கத்திலேயே நிற்கிறாள் அதீனா, தாயின் கருவறை இருட்டைப் பார்க்காமலே தந்தை ஸீயஸிடமிருந்து பிறந்தவள்.

அதீனாதான் அந்த நீதிமன்றத்தை அமைத்தவள். அவளும் ஒரு ஓட்டுப் போடுகிறாள். எனக்குத் தாய் இல்லை, திருமணம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நான் ஆண் பக்கம்தான் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டுப் போடுகிறாள். எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம். சமமானால் விடுதலை. மகன் ஒரெஸ்டிஸ் தப்பித்துவிடுகிறான்.

இது கி.மு. 458இல் ஈஸ்கிலஸ் அரங்கேற்றிய 'யூமெனிடிஸ்' நாடகத்தின் காட்சி. 'ஒரெஸ்டையா' என்று அழைக்கப்படும் மூன்று நாடகத் தொடரில் கடைசி நாடகம். வெகுகாலம் இதை வாசித்தவர்கள் பெருமூச்சு விட்டபடி சொன்னது ஒன்றுதான்: பழிக்குப் பழி என்ற காட்டுமிராண்டிக் காலம் முடிந்தது, சட்டம் பிறந்தது. தப்பான வாசிப்பு என்று சொல்லிவிட முடியாது. நாடகம் அப்படித்தான் முடிகிறது. ஆனால் 1970களில் சிலர் வேறொரு கேள்வியைப் போட்டார்கள். சட்டம் பிறந்தது, சரி. அது பிறப்பதற்கு அம்மா அம்மாவே இல்லை என்று ஏன் நிரூபிக்க வேண்டியிருந்தது?

இந்தக் கேள்வியை ஒரு வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யார், என்ன படிக்கிறார்கள், காலையில் எழுந்து மேஜையில் உட்கார்ந்தால் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். எனக்குக் கிரேக்கம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் தெரியும். அதனால் நானும் வாசகரும் ஏறக்குறைய ஒரே படியில்தான் நிற்கிறோம்.

முதலில் துறையின் பெயர். மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களில் கிளாசிக்ஸ் என்றால் பழைய கிரேக்கமும் லத்தீனும், அந்த மொழிகளைப் பேசிய உலகமும். ஹோமர் தொடங்கி ரோமப் பேரரசின் கடைசிக் காலம் வரை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடும் ஒரு நீளம். இலக்கியம், வரலாறு, தத்துவம், கல்வெட்டு, தொல்லியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ். செவ்வியல் என்று மொழிபெயர்க்கலாம்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குச் செம்மொழி அறிவிப்பு ஞாபகம் வந்துவிடும். கிளாசிக்ஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

பாலினம் என்ற இரண்டாவது சொல்லுக்கு ஒரு சின்ன உதாரணம் போதும். கிரேக்கத்தில் வீரத்துக்குச் சொல் 'ஆந்த்ரெயா'. ஆண்மகன் என்று பொருள்படும் 'அனேர்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ஆக, ஒரு பெண்ணை வீரமானவள் என்று சொல்ல நினைத்தால், ஆண்தன்மை உடையவள் என்றுதான் வாய் திறக்க வேண்டும். மொழியே ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. 'ஒரெஸ்டையா'வின் முதல் நாடகமான 'அகமெம்னன்' தொடங்கிய 11ஆம் வரியிலேயே, கூரைமேல் படுத்துக் காவல் காக்கும் ஆள் தன் எஜமானியான, ஒரெஸ்டிஸின் தாய் கிளிட்டெம்நெஸ்ட்ராவின் இதயத்தை 'ஆந்த்ரோபூலோன்' என்கிறான், ஆணைப்போல் திட்டமிடும் நெஞ்சு. அவள் மேடைக்கு வருவதற்கு முன்பே அவளைப் பற்றிய பயம் வந்துவிட்டது. உடல் எதுவாக இருந்தாலும், எது ஆணுக்கு உரியது, எது பெண்ணுக்கு உரியது என்று ஒரு சமூகம் பங்கு பிரித்து வைத்திருக்கிறதே, அந்தப் பாகப்பிரிவினைதான் இங்கே பாலினம் என்று பேசப்படுவது.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு தடவை வழுக்கி விழுவார்கள். ஓ, அப்படியானால் பண்டைய கிரேக்கப் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்ற ஆராய்ச்சியா என்று. அதுவும் உண்டு. ஆனால் அதற்கு ஆதாரம் மிகக் குறைவு. கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் ஒரு பெண் எழுதிய இலக்கியம் என்று ஒரு வரிகூட நம் கைக்கு வந்து சேரவில்லை. நாடகம் எழுதியவர்கள் ஆண்கள். நடித்தவர்கள் முகமூடி மாட்டிய ஆண்கள். கூட்டுப்பாட்டுப் பாடியதும் பரிசு கொடுத்ததும் ஆண்கள். பார்வையாளர் வரிசையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்களா என்பதே இன்னும் தீராத சண்டை. ஆகவே மேடையில் நாயகி மெடியா பேசுகிறாள் என்பதற்காக அவளை ஏதென்ஸ் பெண்களின் சாட்சியாகக் கூண்டில் ஏற்ற முடியாது. பேசுவது அந்த நாடகத்தை எழுதிய யூரிபிடிஸ்.

ஆனால் இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அந்த ஏதென்ஸில் பெண்ணுக்குச் சபையில் இடம் இல்லை, ஓட்டு இல்லை. வழக்கு என்று வந்தால் 'கீரியோஸ்' என்ற ஆண் காப்பாளர்தான் அவளுக்காகப் பேச வேண்டும். அப்பாவோ, கணவனோ, அவர்கள் இல்லையென்றால் சகோதரனோ. அப்படிப்பட்ட ஊரில் நாடக மேடையில் மட்டும் பெண்கள் ஓயாமல் பேசுகிறார்கள். முழுதாக நமக்குக் கிடைத்திருக்கும் துன்பியல் நாடகங்களில் பெண் பாத்திரமே இல்லாதது சோஃபக்ளிஸின் 'ஃபிலொக்டெட்டிஸ்' ஒன்றுதான். சபையில் வாயைக் கட்டியவர்கள் மேடையில் ஏன் அவிழ்த்துவிட்டார்கள்? பெண் வேஷம் கட்டிக்கொண்டு அந்த ஆண்கள் எதைத் தேடினார்கள்? இந்தத் துறையின் நடுக்கேள்வி இதுதான்.

கேள்வி பெரிதாக இருந்தாலும் வேலை மிகச் சின்னச் சின்ன இடங்களில் நடக்கிறது. ஒரு விகுதியில், ஒரு வினையெச்சத்தில்.

அப்பல்லோவின் வாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'டிக்டெய்ன்' என்று ஒரு வினை வருகிறது. கிரேக்கத்தில் இது தாய் ஈனுவதற்கும் வழங்கும், தந்தை பிறப்பிப்பதற்கும் வழங்கும். இரண்டு பேருக்கும் பொதுச் சொத்தாகக் கிடந்த சொல். அப்பல்லோ அதை எடுத்துத் தந்தையின் பேரில் மட்டும் பத்திரம் எழுதிவிடுகிறார். தாய்க்கு 'ட்ரோஃபோஸ்', செவிலி, என்ற வேறு சொல்லைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். தாய்க்குப் 'பெற்றவள்' என்றே பெயர் வைத்திருக்கும் தமிழில் இந்த வாதத்தைச் சொல்லவே நாக்கு இடறுகிறது. கிரேக்கத்தில் இடறாமல் போனதற்குக் காரணம் அந்த வினையின் இரட்டைப் பயன்பாடு. மொழிபெயர்ப்பை மட்டும் வாசித்தவருக்கு இது கண்ணில் படாது. அதனால்தான் இந்தத் தொழிலுக்கு வருபவர் பல ஆண்டுகள் இலக்கணத்தில் கிடந்து உழல வேண்டியிருக்கிறது.

சாஃபோவின் கதை இன்னும் நுட்பமானது. கி.மு. 600ஐ ஒட்டி லெஸ்பாஸ் தீவில் வாழ்ந்த கவிஞர். அவருடைய பாடல்களில் முழுதாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று, அதுவும் பிற்காலத்தில் ஹாலிகார்னாசஸ் ஊர்க்காரர் டயோனீசியஸ் நல்ல நடைக்கு உதாரணமாக மேற்கோள் காட்டியதால். அந்தப் பாடலில் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி இறங்கிவந்து சாஃபோவைத் தேற்றுகிறாள். இப்போது விலகி ஓடினாலும் சீக்கிரமே துரத்திவரும், பரிசை வாங்க மறுத்தாலும் தானே கொண்டுவந்து கொடுக்கும், காதல் இல்லை என்றாலும் விருப்பம் இல்லாமலே காதலிக்கும் என்கிறாள்.

ஓடும், துரத்தும் என்று நான் அஃறிணையில் மழுப்பியதைக் கவனித்திருப்பீர்கள். ஓடுவது யார், அவனா அவளா? கிரேக்க வினைமுற்றில் பால் தெரியாது. நான்கு வரி வரைக்கும் சாஃபோ சொல்லவே இல்லை. கடைசியில் 'விருப்பம் இல்லாமலே' என்பதற்கு வரும் 'எதெலொய்சா' என்ற எச்சச் சொல்லின் விகுதி பெண்பால். அந்த ஒரு விகுதியில்தான் சாஃபோ ஏங்குவது ஒரு பெண்ணுக்காக என்று தெரிகிறது. அந்தச் சொல்லோ கையெழுத்துப் பிரதிகளில் சிதைந்து கிடந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர் தியோடோர் பெர்க் சரிசெய்த பிறகுதான் இந்த வாசிப்பு நிலைத்தது. அதற்கு முந்திய அச்சுப் பதிப்புகளின்படி அது ஆணாகவும் இருந்திருக்கலாம்.

தமிழில் இதை மொழிபெயர்க்கப் பார்த்தால் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. நம் வினைமுற்று ஓடுவாள், துரத்துவாள் என்று முதல் சொல்லிலேயே குட்டை உடைத்துவிடும். கிரேக்கம் உடைக்கும் இடத்தில் நம் வினையெச்சம், விரும்பாமலே, பாலைக் காட்டாது. அது மறைக்கும் இடத்தில் நாம் காட்டுகிறோம், அது காட்டும் இடத்தில் நாம் மறைக்கிறோம். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் இதை வைத்தே ஒரு நல்ல கட்டுரை எழுதலாம்.

மூன்றாவது உதாரணம் 'ஒடிசி'. வீடு திரும்பிய ஒடிசியஸ், தன் மனைவியை மணக்க வந்து வீட்டையே தின்று தீர்த்த ஆட்களைக் கொன்ற பிறகு, அவர்களோடு படுத்த 12 வேலைக்காரப் பெண்களையும் கொல்லச் சொல்கிறான். வாளால் வெட்டு என்றுதான் உத்தரவு. மகன் டெலிமக்கஸ் அது அவர்களுக்கு ரொம்பக் கௌரவமான சாவு என்று நினைத்துக் கப்பல் கயிற்றில் தூக்கிலிடுகிறான். கூடு திரும்பும் புறாக்கள் கண்ணியில் சிக்குவதுபோல் வரிசையாகத் தொங்கினார்கள் என்கிறார் ஹோமர். கால்கள் துடித்தன, கொஞ்ச நேரம், அதிக நேரம் இல்லை.

டெலிமக்கஸ் அந்தப் பெண்களை என்ன சொல்லிக் குறிப்பிடுகிறான்? கிரேக்கத்தில் வெறும் சுட்டுப்பெயர்தான், 'இவர்கள்', பெண்பால் பன்மை. ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் பலர் அந்த இடத்தில் வேசிகள் என்ற மாதிரியான சொற்களைத் தாங்களாகவே போட்டுவிட்டார்கள். மூலத்தில் இல்லாத வசவு. 2017இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் எமிலி வில்சனின் மொழிபெயர்ப்பு வந்தது. ஒரு பெண் செய்து வெளியான முதல் முழு ஆங்கில 'ஒடிசி' அது. அவர் வசவை எடுத்துவிட்டார். கூடவே இன்னொன்றும் செய்தார். பணிப்பெண்கள் என்று மென்மையாகப் போகாமல் அடிமைகள் என்றே எழுதினார். மூலச் சொல்லின் பொருள் அதுதான். அதே 22ஆம் காண்டத்தின் தொடக்கத்தில் ஒடிசியஸே அந்த ஆட்களைப் பார்த்து, என் வீட்டு அடிமைப் பெண்களோடு பலவந்தமாகப் படுத்தீர்கள் என்று குற்றம் சாட்டுகிறான். பலவந்தம் என்று அவன் வாயாலேயே வருகிறது. அப்புறம் தூக்கில் தொங்குவது யார்? இதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, 37ஆம் வரியில் எப்போதும் இருந்ததுதான். வாசித்தவர்கள் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அகராதியையும் நம்ப முடியாது என்பது இந்தத் தொழிலில் சீக்கிரமே தெரிந்துவிடும் சங்கதி. கிரேக்கம் படிப்பவர் மேஜையில் தவறாமல் இருக்கும் லிடல்–ஸ்காட் அகராதி 1843இல் முதலில் வந்தது. இதில் லிடல் என்பவர், அற்புத உலகத்துக்குப் போன ஆலிஸின் முன்மாதிரியான சிறுமிக்கு அப்பா. அவர்கள் விக்டோரியா காலத்துப் பாதிரியார்கள். உடல் சம்பந்தமான சொல் வந்தால் பொருளை மங்கலாக்கிச் சொல்வார்கள், அல்லது லத்தீனில் சொல்லி நழுவுவார்கள். வலப்பக்கம் ஆங்கிலம், இடப்பக்கம் மூலம் என்று 1911இல் தொடங்கப்பட்ட லோப் நூல்வரிசையிலும் இதே கூத்துதான். 'கிரேக்கத் தொகைநூல்' பாடல்களில் கொஞ்சம் பச்சையானவற்றுக்கு ஆங்கிலத்துக்குப் பதில் லத்தீனில் மொழிபெயர்ப்பு இருக்கும். லத்தீன் கவிஞர் மார்ஷலுக்கு வந்தபோது லத்தீனே மூலமாகிவிட்டதால் இத்தாலியனில் கொடுத்தார்கள். விடலைப் பையன்கள் இத்தாலியன் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல காரணம் கிடைத்திருக்காது. வெட்கப்படாமல் பொருள் சொல்லும் கேம்பிரிட்ஜ் கிரேக்க அகராதி 2021இல்தான் வந்தது, 20 ஆண்டுகளுக்கும் மேலான உழைப்புக்குப் பிறகு.

இந்தப் படிப்புக்குள் பெண்கள் நுழைந்ததே தனிக்கதை. 1874இல் கேம்பிரிட்ஜின் நியூனம் கல்லூரியில் கிளாசிக்ஸ் படிக்கச் சேர்ந்த ஜேன் எல்லன் ஹாரிசன், கிரேக்கச் சமயத்தைப் பற்றிய ஆய்வையே திசை மாற்றியவர். லண்டனில் ஒரு தொல்லியல் பேராசிரியர் பதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. 1928இல் அவர் இறந்தபோதும் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்கத் தொடங்கியிருக்கவில்லை. அது 1948இல்தான் நடந்தது. பாடம் எடுக்கலாம், புத்தகம் எழுதலாம், பட்டம் மட்டும் கிடையாது.

அமெரிக்காவில் திருப்பம் 1970களில் வந்தது. 1972இல் கிளாசிக்ஸ் துறைப் பெண்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு 'ஆரெதூசா' என்ற ஆய்விதழ் பண்டைக்காலப் பெண்களைப் பற்றிச் சிறப்பிதழ் போட்டது. 1975இல் சாரா பொமராய், கிரேக்க, ரோமப் பெண்களின் வரலாற்றைப் பாடமாக நடத்தக்கூடிய புத்தகமாகவே எழுதிக் கொடுத்தார். மூன்றே ஆண்டுகளில், அதுவரை துறையே இல்லாத ஒன்றுக்குச் சங்கம், இதழ், பாடநூல் மூன்றும் வந்துவிட்டன.

இந்த அலையில் வந்தவர்களில் ஒருவருடைய பாதையைச் சற்று நெருக்கமாகப் பார்க்கலாம். ஃப்ரோமா ஸைட்லின். 1954இல் ஹார்வர்டோடு இணைந்திருந்த பெண்கள் கல்லூரியான ராட்கிளிஃபில் பட்டம் வாங்கினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியது 1970இல். நடுவில் 16 ஆண்டுகள். நேர்க்கோட்டில் போகாத பாதை. ரட்கர்ஸில் சில ஆண்டுகள் பாடம் எடுத்துவிட்டு 1976இல் பிரின்ஸ்டன் போனார். அந்தப் பல்கலைக்கழகம் இளங்கலையில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கி அப்போது ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 2010இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

அவர் பட்டியலில் என்னை நிறுத்தியது இரண்டு கட்டுரைகள். முனைவர் பட்டத்துக்கு முன்பே, 1965இல், 'ஒரெஸ்டையா' பற்றி எழுதுகிறார். அதில் கேள்வி பலியைப் பற்றியது: இந்த நாடகங்களில் கொலைகள் ஏன் கெட்டுப்போன பலிச்சடங்குகள்போல் வருணிக்கப்படுகின்றன? 1978இல் மறுபடி அதே நாடகங்கள். இந்த முறை கேள்வி பெண்வெறுப்பு எப்படி வேலை செய்கிறது என்பது. நாடகம் மாறவில்லை, ஆள் மாறவில்லை. நடுவில் போன 13 ஆண்டுகளில் கேட்கலாம் என்று தோன்றுகிற கேள்வி மாறிவிட்டது.

அந்த 1978 கட்டுரையின் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. 1861இல் பாக்கோஃபென் என்ற சுவிஸ் அறிஞர், ஒரு காலத்தில் பெண்களின் ஆட்சி இருந்தது, பிறகு ஆண்கள் கைக்கு வந்தது, 'ஒரெஸ்டையா' அந்த மாற்றத்தின் நினைவு என்று எழுதியிருந்தார். ஸைட்லின் அதை வரலாறு என்று எடுத்துக்கொள்ளவில்லை. பெண் ஆண்டாள் என்பதே ஒரு கதை, அவள் ஆண்டு நாசமாக்கினாள் என்று சொல்வதற்காகக் கட்டப்பட்ட கதை. ஆளத் தெரியாதவள் என்று காட்டிவிட்டால், இனி அவள் கையில் ஏன் ஆட்சி இல்லை என்று யாரும் கேட்கப்போவதில்லை. கிளிட்டெம்நெஸ்ட்ரா அவ்வளவு அச்சமூட்டும் பலத்தோடு முதல் நாடகத்தில் நிற்பதே மூன்றாவது நாடகத்தில் அந்த ஓட்டுச் சமமாக விழுவதற்குத்தான். இது கொஞ்சம் கடுமையான வாசிப்பு. ஈஸ்கிலஸ் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வரிகளின் கம்பீரத்தைப் பார்த்தால், அவரே தன் திட்டத்தை முழுதாக நம்பினாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் இதை வாசித்த பிறகு அந்த நீதிமன்றக் காட்சியைப் பழையபடி பெருமூச்சு விட்டுக்கொண்டு படிக்க முடியாது.

1985இல் எழுதிய இன்னொரு கட்டுரைதான் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதன் கருத்து: கிரேக்க மேடையில் பெண் பாத்திரம் பெரும்பாலும் பெண்ணைப் பற்றிச் சொல்ல வரவில்லை. ஆண் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பயன்படுத்திய மறுபக்கம் அது. இதை அவர் நாடகத்தின் நான்கு அம்சங்களில் காட்டுகிறார்.

ஒன்று உடல். போர்க்களத்தில் ஆணின் உடல் ஒரு கருவி, அதைப் பற்றி அவன் நினைக்கவே மாட்டான். வலி வரும்போதுதான் நினைப்பான். சோஃபக்ளிஸின் 'டிராக்கிஸ் பெண்கள்' நாடகத்தில், விஷம் தோய்ந்த அங்கி உடலோடு ஒட்டி எரிக்கும்போது ஹெராக்ளிஸ், உலகத்திலேயே பலசாலி, ஒரு சிறுபெண்ணைப்போலக் கதறுகிறேனே, இப்போது நானே ஒரு பெண் என்று தெரிந்துபோயிற்றே என்று புலம்புகிறான். உடம்பு இருக்கிறது என்று உணர்வதற்கே அவன் பெண்ணாக வேண்டியிருக்கிறது.

இரண்டாவது இடம். மேடைக்குப் பின்னால் ஒரு கட்டடம், அதற்கு ஒரு வாசல். வெளியே ஆண்களின் உலகம், உள்ளே பெண்களின் உலகம். அந்த வாசலில் யார் நிற்கிறார்களோ அவர்கள் கையில் நாடகம் இருக்கிறது. கிளிட்டெம்நெஸ்ட்ரா விலையுயர்ந்த செந்நிறத் துணியை வாசல் வரை விரித்து, பத்து ஆண்டுப் போரில் ஜெயித்து வந்த கணவன் அகமெம்னனை அதன்மேல் நடக்க வைத்து உள்ளே அழைத்துப் போகிறாள். அவன் உயிரோடு திரும்பவில்லை.

மூன்றாவது கதைப்பின்னல். பின்னல் என்ற நம் சொல் இங்கே அப்படியே பொருந்துகிறது. நெய்வது பெண்ணின் வேலை, சூழ்ச்சி நெய்வதும் அவள்தான். அகமெம்னனைச் சுற்றிய துணி, மெடியா புதுமணப்பெண்ணுக்கு அனுப்பிய புடவை, ஹெராக்ளிஸின் அங்கி எல்லாமே பெண் கையிலிருந்து வந்த துணிதான். ஆண்கள் நம்பிய திட்டங்கள் அந்தத் துணிகளில் சிக்கிக்கொள்கின்றன.

நான்காவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். அதற்கு முன் சோற்றுக் கணக்கைப் பேசிவிடலாம், இதைப் படித்து வேலை கிடைக்குமா என்று இந்நேரம் யாராவது கேட்டிருப்பீர்கள்.

அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள் சாதாரணம். முதல் சில ஆண்டுகள் நீண்ட வாசிப்புப் பட்டியலும், அகராதி இல்லாமல் கிரேக்கமும் லத்தீனும் மொழிபெயர்க்கும் தேர்வுகளும். நூற்றாண்டு ஆய்வுகள் குவிந்து கிடக்கும் ஜெர்மனும் பிரெஞ்சும் வாசிக்கத் தெரிய வேண்டும். பாரிஸில் ழான் பியேர் வெர்னான் போன்றவர்கள் செய்த ஆய்வு இல்லாமல் ஸைட்லினின் எழுத்தையே நினைத்துப் பார்க்க முடியாது. அவர்தான் 1991இல் வெர்னானின் கட்டுரைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இதற்கிடையே முதலாண்டு மாணவர்களுக்கு ஆல்ஃபா, பீட்டா சொல்லிக் கொடுக்க வேண்டும். பட்டம் வந்தபின் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்த வேலைகள், ஊர் ஊராக. நிரந்தரப் பதவி கிடைப்பது கொஞ்சம் பேருக்குத்தான். கறுப்பின மாணவர்களுக்கென்று உருவான பல்கலைக்கழகங்களில் கிளாசிக்ஸ் துறை வைத்திருந்தது ஹோவார்ட் ஒன்றுதான். அதுவும் 2021இல் துறையைக் கலைப்பதாக அறிவித்தது. அதே ஆண்டில் பிரின்ஸ்டன், இளங்கலை கிளாசிக்ஸ் மாணவர்களுக்குக் கிரேக்கமோ லத்தீனோ கட்டாயம் இல்லை என்று விதியை மாற்றியது. கதவை அகலத் திறக்கிறோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயம்தான். ஆனால் 'எதெலொய்சா' விகுதியைப் பற்றி மேலே எழுதிவிட்டு, மொழியில்லாமலும் இதைச் செய்துவிடலாம் என்று என்னால் மனமறிந்து சொல்ல முடியாது.

வேலையாக வேண்டாம், ஆசைக்கு எட்டிப் பார்க்கலாம் என்றால் செலவே இல்லை. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் இணைய நூலகத்தில் கிரேக்க மூலங்கள் இலவசமாக இருக்கின்றன. எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதன் இலக்கணம் திறக்கும்.

அங்கே தொட்டுப் பார்க்க நான் பரிந்துரைப்பது யூரிபிடிஸின் 'பாக்காய்', 912ஆம் வரியிலிருந்து. ஸைட்லினின் நான்காவது அம்சம், வேஷம், இங்கேதான் இருக்கிறது. தீப்ஸ் நகரத்து இளம் அரசன் பெந்தியஸ் ரொம்ப முறுக்கான ஆள். மதுவின் கடவுள் டயோனைசஸின் பின்னால் மலைக்குப் போன பெண்களைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்று துடிப்பவன். அதே சமயம் அவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று ஒளிந்து பார்க்கவும் ஆசை. அதற்குப் பெண் உடையில் போக வேண்டும் என்கிறான் டயோனைசஸ். முதலில் கூசுகிறான், பிறகு உடுத்திக்கொண்டு வெளியே வருகிறான். வந்தவன் கேட்கும் கேள்வி: பார்ப்பதற்கு எப்படி இருக்கிறேன், சித்தி மாதிரி இருக்கிறேனா, அம்மா மாதிரியா? முடி ஒன்று கலைந்திருக்கிறதே என்கிறான் டயோனைசஸ். உள்ளே தலையை ஆட்டி ஆடிப் பார்த்தேன், அப்போது கலைந்திருக்கும் என்கிறான் அரசன். கடவுள் குனிந்து அந்த முடியைச் சரிசெய்கிறான், இடுப்புக் கச்சையை இறுக்குகிறான், கணுக்கால் பக்கம் மடிப்பை ஒழுங்குபடுத்துகிறான். ஒரு பக்கம் மடிப்புச் சரியில்லை என்று பெந்தியஸே திரும்பிப் பார்த்துக் கொள்கிறான்.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஏற்கெனவே கி.மு. 411இல் நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனிஸ் இதே மாதிரி ஒரு காட்சியில், பெண்களின் விழாவை உளவு பார்க்கப் போகும் ஓர் ஆளுக்கு முகத்தைச் சிரைத்து, விளக்குத் தீயில் கீழே பொசுக்கி, சேலை கட்டிவிட்டு ஊரையே சிரிக்க வைத்திருந்தார். அங்கே உளவு பார்க்க அனுப்புவது சாட்சாத் யூரிபிடிஸ். ஆனால் 'பாக்காய்'யில் முடியைச் சரிசெய்யும் கை கொல்லப்போகும் கை. மலையில் பெந்தியஸின் தாய் அகாவே, பித்துப் பிடித்த நிலையில், மகனைச் சிங்கம் என்று நினைத்து மற்ற பெண்களோடு சேர்ந்து பிய்த்துப்போடுகிறாள். தலையைக் கையில் ஏந்திக்கொண்டு, பார்த்தீர்களா என் வேட்டையை என்று மேடைக்கு வருகிறாள்.

கிரேக்கத் துன்பியலில் பேசும் நடிகர்கள் மூன்றே பேர். ஒருவரே பல வேஷம் கட்ட வேண்டும். 'பாக்காய்'யின் வருகைகளையும் போகைகளையும் எண்ணிப் பார்த்த அறிஞர்கள் பலர், பெந்தியஸாகவும் அகாவேயாகவும் நடித்தது ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆணாக வந்து, பெண் உடுத்தி, மலைக்குப் போன அதே நடிகர் இப்போது தாயின் முகமூடியோடு திரும்பி வருகிறார். கையில் வைத்திருக்கும் தலை, சற்று முன்பு அவரே மாட்டியிருந்த முகமூடி.